கண்டக்டர் பென்சனுக்கு வந்த டிரைவர் பிரச்சனை

திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை வழியாகப் பள்ளிப்பட்டு போகிற தனியார் பஸ் ஒன்றில் பென்சன் பதினோரு வருஷமாகக் கண்டக்டர். நாற்பத்திரண்டு வயது, ஒல்லியான உடம்பு, எந்தக் கூட்டத்திலும் வழுக்கிக்கொண்டு போய்விடுகிற லாவகம். டிரைவராகத்தான் ஆசைப்பட்டார். எட்டு வயதில் கில்லி விளையாடும்போது இடது கண்ணில் ஓர் அடி பட்டது. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. கனரக வாகன லைசென்ஸுக்கு மூன்று முறை போனார். மூன்று முறையும் கண் டாக்டர் தலையை ஆட்டிவிட்டார். சரி, ஸ்டியரிங் கிடைக்கவில்லை, பஸ்ஸாவது கிடைத்ததே என்று படிக்கட்டில் ஏறிக்கொண்டார்.

ஏறினவர் சும்மா இருக்கவில்லை. டிக்கெட் போட்டு முடித்ததும் பின்படிக்கட்டில் நின்றுகொண்டு எண்ண ஆரம்பித்துவிடுவார். வளைவுகள், வேகத்தடைகள், புளியமரங்கள், தண்ணீர்த் தொட்டிகள். எண்ணியதைத் துண்டுச் சீட்டில் குறித்து சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பொதட்டூர்பேட்டையில் லுங்கி மூட்டையோடு ஏறி இறங்குகிற வியாபாரி சுலோச்சனா ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டாள்.

“இன்னா கண்டக்டரே, டெய்லி எண்ணிகினே வர்றீங்க? எதுனா வேண்டுதலா?”

“ஆங், வேண்டுதல்தான்” என்று சிரித்துவிட்டு நகர்ந்தார் பென்சன். விஷயம் அவர் மனைவி தபிதாளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் அந்த ரோட்டையே கம்ப்யூட்டரில் கட்டிக்கொண்டிருந்தார். திருத்தணி பஸ் ஸ்டாண்டில் தொடங்கி பள்ளிப்பட்டு பஸ் ஸ்டாண்டு வரை, ஒவ்வொரு வளைவும் மரமும் கடையும் உள்ளபடியே. முப்பரிமாணத்தில் வரைய உதவுகிற இலவச மென்பொருள் ஒன்றில், இரண்டு வருஷமாக. கட்டி முடித்ததும் அதில் ஒரு பஸ்ஸை விட்டு, விசைப்பலகையின் அம்புக்குறிகளை அழுத்தித் தானே ஓட்டிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அந்தக் கம்ப்யூட்டர் வந்த கதை வேறு. பஜாரில் ஒரு பிரவுசிங் சென்டரை மூடினார்கள். அதன் உரிமையாளர், வருகிறவர்கள் போகிறவர்கள் செருகுகிற பென் டிரைவால் வைரஸ் தொல்லை தாங்காமல், விண்டோஸை எடுத்துவிட்டு ஃப்ரீபிஎஸ்டி என்கிற வேறொரு இயங்குதளத்தைப் போட்டு வைத்திருந்தார். ஊரில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்களே இல்லை. கடையைக் காலி செய்தபோது ஒரு கம்ப்யூட்டரைப் பென்சனுக்குக் கொடுத்து, “இத அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுக்க” என்றார். கூடவே அந்த இயங்குதளத்தின் கையேட்டை அச்செடுத்து ஸ்பைரல் போட்டு வைத்திருந்ததையும், பழைய பேப்பரோடு போகட்டும் என்று தந்துவிட்டார்.

பள்ளிப்பட்டில் பஸ் முப்பத்தைந்து நிமிஷம் நிற்கும். அந்த முப்பத்தைந்து நிமிஷத்தில் பென்சன் கையேட்டைப் படித்தார். பிளஸ் டூ ஆங்கிலத்தையும் செல்போன் அகராதியையும் வைத்துக்கொண்டு, நாளைக்கு இரண்டு பக்கம். எது எங்கே இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதியிருந்தது அவருக்குப் பிடித்துப் போயிற்று. அழிக்கவில்லை.

“பைபிள இந்த மாதிரி ஒரு தடவ அட்டைக்கு அட்ட படிச்சிருக்கீங்களா?” என்று தபிதாள் கேட்டாள். அவள் அரக்கோணம் ரோட்டில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்கிறவள். கேலி செய்வாளே தவிர, தடுத்ததில்லை.

கம்ப்யூட்டரில் ரோடு கட்டி முடிந்தது. பஸ்ஸும் நின்றது. ஆனால் ஓடவில்லை. பழைய கம்ப்யூட்டரால் அவ்வளவு மரத்தையும் வீட்டையும் சேர்த்து வரைந்து காட்ட முடியவில்லை. ஒரு படம் வரும், நிற்கும், பிறகு அடுத்த படம். பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் ஒரு டீயே குடித்துவிடலாம். இதற்குத் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டால்தான் வழி என்று தெரிந்தது. சென்னையில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போன தபிதாள், ரிச்சி தெருவில் ஒரு கடையில் பழைய கார்டு ஒன்றை வாங்கி வந்தாள். புடவைகளுக்கு நடுவில் வைத்து, அடிபடாமல். பெட்டி மேல் படமும் மாடல் நம்பரும் பளபளவென்று இருந்தன.

பஸ்ஸில் ஒரு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு. அடுத்த ஓய்வு நாள் காலையில் பென்சன் கம்ப்யூட்டரைப் பிரித்து, தூசு தட்டி, கார்டைச் செருகினார். திரையில் எழுத்துகள் கொழகொழவென்று பெரிதாகத் தெரிந்தன. இது எதிர்பார்த்ததுதான். புதுக் கார்டும் இயங்குதளமும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ள நடுவில் ஒரு சின்ன மென்பொருள் வேண்டும். அதற்குப் பெயர் டிரைவர். பெட்டியில் இருந்த மாடல் நம்பருக்கு எது பொருந்துமோ அதைக் கையேட்டைப் பார்த்து இறக்கி, போட்டு, கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பவும் போட்டார்.

ஒரே ஒரு வரி வந்தது. ‘திரை எதுவும் கிடைக்கவில்லை’ என்பது அதன் அர்த்தம்.

பென்சன் திரையைப் பார்த்தார். அது எதிரிலேயே இருந்தது.

“அப்புறம் எதுல எழுதி காட்டிகினு கீற?” என்று அதைக் கேட்டார்.

மறுபடி போட்டார். எடுத்துவிட்டுப் போட்டார். வேறு பதிப்பைப் போட்டார். மூன்று ஓய்வு நாள்கள் இப்படியே போயின. தபிதாள் சாப்பாட்டுத் தட்டை விசைப்பலகை பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தாள். கடைசியில் அந்த இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவர்கள் கூடுகிற இணைய மன்றத்தில், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் செல்போனிலிருந்தே நிலைமையை எழுதிப் போட்டார். பெட்டியில் இருந்த மாடல் நம்பரை மறக்காமல் எழுதினார்.

மறுநாள் வேலை. பொதட்டூர்பேட்டையில் பஸ் நின்றிருந்தபோது தபிதாளிடமிருந்து போன். பென்சன் பின்படிக்கட்டில் நின்றபடியே பேசினார். வீடுகளிலிருந்து வருகிற தறிச் சத்தத்தில் கொஞ்சம் உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது.

“ஆங், சொல்லு. எங்க சரியாச்சி? எல்லாம் டிரைவர்தான் பிரச்சன. ஒத்தே வரல. நானும் எவ்ளோதான் பாக்கறது... பழைய டிரைவர மொதல்ல சுத்தமா தூக்கணும். தூக்கிட்டு வேற டிரைவர் போட்டாதான் நமக்கு நிம்மதி. ஆங், கேட்டிருக்கேன். பதில் வரட்டும்.”

கடைசி சீட்டில் மூட்டையை அணைத்துக்கொண்டு சுலோச்சனா உட்கார்ந்திருந்தாள். ஒரு சொல் விடாமல் அவள் காதில் விழுந்தது.

பஸ்ஸின் டிரைவர் சின்னசாமி. ஐம்பத்தைந்து வயது. பள்ளிப்பட்டு பக்கத்தில் வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம். அம்மா வழியில் தெலுங்கு, அப்பா வழியில் தமிழ். கோபம் வந்தால் முன்னது, பாசம் வந்தால் இரண்டும். பென்சனோடு எட்டு வருஷமாக ஒரே வண்டி. சுலோச்சனாவின் மூட்டை கனமாக இருக்கிற நாளில், ஸ்டாப்பிங்கைத் தாண்டி அவள் தெருமுனையிலேயே நிறுத்துகிற மனுஷன். அந்த நன்றி அவளைச் சும்மா இருக்க விடவில்லை. பஸ் கிளம்பியதும் மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு முன்னால் போய், இன்ஜின் பக்கத்தில் குனிந்து காதோடு சொன்னாள்.

“அண்ணே, உங்கள தூக்கிட்டு வேற டிரைவர் போட சொல்லி எழுதி குடுத்துட்டாராம் கண்டக்டரு. நான் காதால கேட்டேன். பாத்து உஷாரா இருங்க.”

 சின்னசாமி கியரைக் கொஞ்சம் அழுத்தமாக மாற்றினார்.

அன்று பள்ளிப்பட்டில் அவர் டீக்கடைக்குத் தனியாகப் போனார். திரும்பி வரும்போது பென்சன் விசில் ஊதுவதற்கு முன்பே வண்டியை எடுத்தார். ஓடி வந்து ஏறிய ஒரு பெரியவர் கண்டக்டரைத்தான் திட்டினார். அடுத்த வேலை நாளிலும் அப்படியே. “ண்ணா, உடம்பு சரியில்லையா?” என்று பென்சன் கேட்டதற்கு, “நான் நல்லாதான் கீறேன். ஓட்டறவரைக்கும் ஓட்டறேன்” என்று பதில் வந்தது. பென்சனுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு டிரைவர் பேச மாட்டேன் என்கிறது, பஸ்ஸில் இன்னொருவர் பேச மாட்டேன் என்கிறார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

மூன்றாவது வேலை நாள், சனிக்கிழமை. பள்ளிப்பட்டு பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கிய பிறகு சின்னசாமி சீட்டிலிருந்து திரும்பினார். கண் சிவந்திருந்தது.

“எட்டு வருசம் நைனா. என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல? நானே மொதலாளி கிட்ட பேசிட்டேன். அடுத்த மாசத்துலருந்து அரக்கோணம் வண்டிக்கு மாத்திக்கறேன். நீ உனக்கு புடிச்ச டிரைவர போட்டுக்க.”

“இன்னாண்ணா சொல்ற? யார் யார தூக்கறது?”

“போன்ல பேசினியே! பழைய டிரைவர தூக்கணும், வேற போட்டாதான் நிம்மதின்னு. பஸ்ல பாதி பேர் கேட்டிருக்காங்க.”

பென்சன் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தார். சிரிப்பு வந்த வேகத்தில் டிக்கெட் மிஷின் மடியிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது. சின்னசாமிக்கு இன்னும் கோபம் ஏறியது.

“ண்ணா, அது கம்ப்யூட்டர் டிரைவர்ணா! எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல!”

“கம்ப்யூட்டர்ல இன்னாடா டிரைவரு? அது எங்க போவுது?”

பென்சன் சொல்லிப் பார்த்தார். கார்டு, இயங்குதளம், நடுவில் பேசுகிற மென்பொருள். சொல்லச் சொல்ல அது அப்போதுதான் இட்டுக்கட்டிய பொய் மாதிரி அவருக்கே பட்டது. சின்னசாமி நம்பவில்லை.

“நாளைக்கு லீவுதான. வூட்டுக்கு வரேன். காட்டு. காட்டலன்னா அரக்கோணம்தான்.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து பென்சனும் தபிதாளும் வீடு திரும்பியபோது சின்னசாமி வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார், இஸ்திரி போட்ட சட்டையில். கையில் ஒரு பை வேர்க்கடலை. சண்டைக்கு வந்தாலும் வெறுங்கையோடு வருகிற பழக்கம் அவருக்கு இல்லை. அன்று கிருத்திகை, அவர் கறி தொட மாட்டார் என்பது தபிதாளுக்குத் தெரியும். ஆட்டுக்கறிக் குழம்பைத் தள்ளி வைத்துவிட்டு கத்தரிக்காய் சாம்பாருக்கு அடுப்பைப் பற்றவைத்தாள்.

பென்சன் கம்ப்யூட்டரைப் போட்டார். அதே வரி வந்தது. சின்னசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சன் கையேட்டைப் பிரித்து விரல் வைத்துக் காட்டிய இடத்தில் எழுத்துக் கூட்டினார். டிரைவர் என்ற சொல் ஆங்கிலத்தில் தெளிவாக இருந்தது. லைசென்ஸில் இருபத்தாறு வருஷமாகப் பார்த்து வருகிற சொல்.

“அட, ஆமா” என்றார். குரல் இறங்கிவிட்டது. கொஞ்ச நேரம் வேர்க்கடலையை உரித்தார். பிறகு, “அப்போ என்ன தூக்கல?” என்றார்.

“உன்ன தூக்கிட்டு நான் எங்கண்ணா போவேன்?”

சின்னசாமி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். “சரி, இதுக்கு இன்னாதான் ஆச்சி? பாப்போம்.”

மன்றத்தில் பதில் வந்திருந்தது. எழுதியவர் நியூசிலாந்துக்காரர். இரண்டே வரி. பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பது எனக்கு வேண்டாம். உள்ளே செருகியிருக்கிற சாதனங்களைப் பட்டியல் போடச் சொல்லி, அந்தக் கார்டு தன்னைப் பற்றிச் சொல்கிற எண்ணை அனுப்புங்கள். பென்சன் அதைத் தமிழில் சொன்னார்.

சின்னசாமி தொடையில் தட்டினார். “சேசிஸ் நம்பர் கேக்கறான் நைனா! புத்திசாலி. ஆர்.சி. புக்குல ஆயிரம் எழுதுவான். இரும்புல அடிச்சிருக்கற நம்பர்தான் நெசம். நீ இத்தினி நாளா அத பாக்காமயா டிரைவர் மாத்திகினு இருந்த?”

பென்சனுக்கு வெட்கமாகிவிட்டது. பார்க்கவில்லை. பளபளப்பான பெட்டியை நம்பிவிட்டார். பட்டியல் கட்டளை கையேட்டிலேயே இருந்தது. அடித்தார். நீளமான பட்டியலின் நடுவில் கார்டின் எண் வந்தது. அதை அப்படியே மன்றத்தில் போட்டார்.

சாம்பார் கொதிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தபோதே பதில் வந்துவிட்டது. உங்கள் பெட்டி வேறு, கார்டு வேறு. உள்ளே இருக்கிற சிப் ஒரு தலைமுறை பழையது. புதிய டிரைவர் அதைத் தொடவே தொடாது. பழைய டிரைவரைப் போடுங்கள்.

“இன்னா சொல்றான்?”

பென்சன் தயங்கினார். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். “புது டிரைவர் வேலைக்கு ஆவாதாம்ணா. பழைய டிரைவர்தான் வேணுமாம்.”

சின்னசாமி எழுந்து நின்றுவிட்டார். “கேட்டுகினியாம்மா தபிதா? பழைய டிரைவர்தான் வேணுமாம்! வெளிநாட்டுக்காரனே சொல்லிட்டான்!”

அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்த தபிதாளும் சேர்ந்து சிரித்தாள். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது.

பென்சன் புது டிரைவரை நீக்கினார். பழையதை நிறுவினார். கம்ப்யூட்டர் தொடங்கும்போதே அதை ஏற்றச் சொல்லும் வரியை, எழுத்துப் பிழை வராமல் இரண்டு முறை வாய்விட்டுப் படித்து எழுதினார். அணைத்துப் போட்டார். வெள்ளை எழுத்துகள் ஓடின. திடீரென்று திரை கறுப்பாயிற்று. மூன்று பேரும் மூச்சை நிறுத்திக்கொண்டார்கள். கறுப்பு ஒரு தரம் துடித்தது. பிறகு எழுத்துகள் எறும்பு சைஸில், ஊசிமுனை மாதிரிக் கூர்மையாக வந்தன.

“வந்துடுச்சி!” என்று பென்சன் கத்தினார்.

இரண்டு வருஷமாகக் கட்டிய கதையைச் சின்னசாமிக்குச் சொல்லிக்கொண்டே அவசரமாக ரோட்டைத் திறந்தார். பஸ் ஸ்டாண்டு வந்தது, பஸ் வந்தது. அம்புக்குறியை அழுத்தினார். பஸ் ஒரு அடி நகர்ந்து நின்றது. பழையபடியே படம் படமாக வந்தது.

 பென்சன் முகம் தொங்கிப்போயிற்று. சின்னசாமிதான், “ஏதோ எழுதிக் காட்டுது பாரு கீழ” என்றார். சின்ன ஜன்னலில் ஒரு வரி இருந்தது. ‘அனுமதி இல்லை.’

பென்சன் கையேட்டை எடுத்துப் பக்கங்களைத் தள்ளினார். முன்பு ஒரு முறை படித்துத் தாண்டிய பக்கம்தான். கார்டைப் பயன்படுத்தும் உரிமை அதற்கென்று உள்ள ஒரு குழுவில் பெயர் சேர்த்தவர்களுக்குத்தான் உண்டு. தன் பெயரை அவர் அதில் சேர்க்கவே இல்லை.

நெற்றியில் அடித்துக்கொண்டார். “பதினோரு வருசமா டிக்கெட் குடுக்கறேன். நானே டிக்கெட் எடுக்காம ஏறிகீறேன்ணா!”

ஒரே வரிதான். பெயரைச் சேர்த்து, வெளியே வந்து, மறுபடி உள்ளே நுழைந்தார். ரோட்டைத் திறந்தார். அம்புக்குறியில் விரலை வைத்தவர், அழுத்தாமல் நிறுத்தினார்.

“ண்ணா, நீ ஓட்டு. நீதான டிரைவரு.”

சின்னசாமி விசைப்பலகையைப் பார்த்தார். பிறகு பென்சனைப் பார்த்தார். மூன்று முறை லைசென்ஸுக்குப் போய்த் திரும்பிய கதை அவருக்குத் தெரியும். சுவரில் ஆணியில் மாட்டியிருந்த பென்சனின் விசிலை எடுத்தார். சட்டையில் துடைத்தார். நாற்காலியைப் பென்சனுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்து, இரண்டு முறை ஊதினார்.

“போலாம் ரைட்!”

பஸ் கிளம்பியது. தடங்கல் இல்லாமல், நெய் மேல் போகிற மாதிரி. பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும் ஒரு பக்கமாக மலை எழுந்து வந்தது. அதன் மேல் கோயில் கோபுரம், படிகள், வெயில். சின்னசாமி தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். புளியமரங்கள் வரிசையாக வந்து பின்னால் போயின. நிழல் கண்ணாடியில் விழுந்து விலகியது. ஒரு வளைவில் பென்சன் ரோட்டை விட்டு இறங்கி நேராக ஏரிக்குள் விட்டார்.

“யோவ்! உள்ள அம்பது பேர் கீறாங்கய்யா!” என்று சின்னசாமி அலறினார். தபிதாள் சிரித்துச் சிரித்துக் கதவைப் பிடித்துக்கொண்டாள். பென்சன் வண்டியைத் தண்ணீரிலிருந்து பின்னால் எடுத்து ரோட்டில் ஏற்றினார். “எறக்கத்துல மொதல்லயே வேகத்த கொற. வளைவ பாக்காத, வளைவு முடியற எடத்த பாரு” என்று சின்னசாமி தோளில் தட்டிச் சொன்னார்.

பொதட்டூர்பேட்டை வந்தது. பென்சன் செல்போனில் பதிவு செய்து வைத்திருந்த தறிச் சத்தம், வீடுகள் நெருங்க நெருங்கக் கூடியது. சின்னசாமி விசில் ஊதி நிறுத்தினார். இல்லாத பயணிகளை இறக்கினார், ஏற்றினார், உள்ளே போகச் சொல்லித் திட்டினார். கடைசியில் பள்ளிப்பட்டு. பென்சன் பஸ்ஸை மெதுவாகத் திருப்பி, ஸ்டாண்டில் எப்போதும் நிற்கிற இடத்தில், வேப்பமரத்துக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தினார்.

கையை எடுத்தார்.  பதினோரு வருஷமாகப் பின்னாலிருந்தே பார்த்த ரோடு. முன்னாலிருந்து அது வேறு மாதிரி இருந்தது. அகலமாக, எல்லாம் தன்னை நோக்கி வருகிற மாதிரி. தபிதாள் பக்கத்தில் வந்து நின்று அவர் தலையில் கை வைத்தாள். “ஓட்டிட்டீங்க” என்றாள். அவர் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று கத்தரிக்காய் சாம்பாரில் சின்னசாமி மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்ட கையோடு முதலாளி ராஜகோபாலுக்குப் போன் செய்து அரக்கோணம் வண்டி வேண்டாம் என்று சொன்னார். காரணம் கேட்டதற்கு, “கண்டக்டர் நல்லா ஓட்டறாருங்க” என்றார். முதலாளிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பஸ்ஸை யார் ஓட்டுகிறார்கள் என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் போனை வைத்தார்.

அடுத்த வேலை நாள் பஸ்ஸில் இந்தக் கதைதான். சுலோச்சனா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, “அய்யோ, என் வாய்ல மண்ணு” என்று சிரித்தாள். பென்சன் செல்போனில் எடுத்து வந்த வீடியோவைக் காட்டினார். அவள் உற்றுப் பார்த்தாள்.

“இது எங்க வூடு! ஆனா கண்டக்டரே, நாங்க பச்ச பெயிண்ட் அடிச்சி ஆறு மாசம் ஆவுது. இன்னும் மஞ்சளாவே வெச்சிருக்கீங்க?”

அன்றிலிருந்து பென்சன் எதையும் எண்ண வேண்டியதில்லை. பயணிகளே வந்து சொல்லிவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் புது கேட் போட்டாச்சு, டீக்கடை எதிர்ப்பக்கம் மாறிவிட்டது, எங்கள் தெருவில் ஒரு வேகத்தடை கூடியிருக்கிறது. சிலர் தங்கள் மாட்டையும் கட்டச் சொல்கிறார்கள். ஓய்வு நாளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்துகிறார். மன்றத்திலும் போன மாதம் தன் முதல் பதிலை எழுதினார். யாரோ ஒருவர் கார்டு வேலை செய்யவில்லை என்று கேட்டிருந்தார். பெட்டியைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள் என்று எழுதினார். மறுநாள் நன்றி வந்தது. அந்த நன்றியைத் தபிதாளிடம் வாசித்துக் காட்டினார், சின்னசாமியிடம் வாசித்துக் காட்டினார்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னசாமி வேர்க்கடலைப் பையோடு வந்துவிடுகிறார். போகும்போது பென்சன் ஓட்டுவார், திரும்பும்போது சின்னசாமி ஓட்டுவார். அம்புக்குறி அவருக்கு இன்னும் பழகவில்லை. திருப்பும்போதெல்லாம் உடம்பையும் சேர்த்துச் சாய்க்கிறார். போன தடவை பென்சன் புதிதாக ஒரு யோசனை சொன்னார். ஆடிக்கிருத்திகை அன்று ரோடு முழுக்கக் காவடியும் மஞ்சள் துணியுமாக ஜனம் நடந்து போகுமே, அதையும் இதில் போட்டுவிடலாம் என்று.

சின்னசாமி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

“வேணாம் நைனா. அந்த கூட்டத்துல வருசா வருசம் மணிக்கணக்கா நின்னுகினு இருக்கேன். இந்த ஒரு ரோட்லயாவது ஃப்ரீயா போயிட்டு வரேன், வுடு.”